முகத்துவாரத்தை அளக்கும் காமிரா

உங்கள் பள்ளியில் ஒளிப்படக் குழு இருக்கிறதா? அடுத்த முறை அது வெளியூர் புறப்படும்போது பழவேற்காட்டுக்குச் செல்லட்டும். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்த உவர்நீர் ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. பூநாரைகள், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், வலை உலர்த்தும் கரைகள் எனப் படமெடுக்க அங்கே நிறைய உண்டு. ஆனால் ஒரு படத்தை மட்டும் அழகுக்காக அன்றி, அளப்பதற்காக எடுங்கள். அது முகத்துவாரத்தின் படம்.

ஏரி கடலோடு கலக்கும் வாயிலே முகத்துவாரம். மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் மணலைத் தள்ளி அதை அகலப்படுத்துகிறது. வெள்ளம் வடிந்தபின் அலைகள் மணலைக் கொண்டுவந்து குறுக்குகின்றன. சில சமயம் அடைத்தே விடுகின்றன. அடைபட்டால் என்ன ஆகும்? படகுகள் கடலுக்குப் போக முடியாது. இறால்களில் பல வகை கடலில் முட்டையிடுகின்றன; அவற்றின் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வாயில் மூடினால் அந்த வரவும் நிற்கும். குப்பங்களில் அடுப்பு எரிவது இந்த வாயிலை நம்பித்தான்.

நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876இல் தொடங்கிய பிறகு, அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் பழவேற்காட்டுக்குத் தெற்கே இருப்பதால், மீனவர்கள் கவலைப்படுவதில் வியப்பில்லை. மாற்றம் எவ்வளவு, எப்போது என்று பேச அளவுகள் வேண்டும். அவற்றை ஒரு சாதாரணக் காமிராவே தரும்.

எப்படி? வாயிலுக்கு நேர் எதிரே நின்று, ஒரு படகு அதைக் குறுக்காகக் கடக்கும்போது படமெடுங்கள். படகின் நீளம் 8 மீட்டர் என்று கொள்வோம். படத்தில் படகு 1 செ.மீ., வாயில் 15 செ.மீ. இருந்தால், வாயிலின் அகலம் 8 × 15 = 120 மீட்டர். வடிவொத்த முக்கோணங்களைப் பற்றி நீங்கள் படித்த பாடம்தான் இது! ஆனால் படகும் வாயிலும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். படகு பாதித் தூரத்தில் இருந்தால் அது இருமடங்கு பெரிதாகத் தெரியும்; விடை 60 மீட்டர் என்று தவறாக வரும்.

ஒரு படம் போதாது. மாதந்தோறும் அதே இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அருகில் ஒரு கம்பம், தொலைவில் கலங்கரை விளக்கம் என இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி நில்லுங்கள். ஓரடி விலகினாலும் கம்பம் நகர்ந்துவிட்டதுபோல் தோன்றும். கரை அடையாளங்கள் இரண்டை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக் கடலில் இடம் அறியும் மீனவர்களின் வழியும் இதுவே.

இன்னும் ஒன்று. ஓதத்தின்போது வாயில் அகலமாகவும், வற்றத்தின்போது குறுகலாகவும் தெரியும். ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகிறது. எனவே கடிகாரம் மட்டும் போதாது. நிலவையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அமாவாசையன்றும் அதே மணிக்குச் சென்றால், ஓதம் ஏறத்தாழ அதே நிலையில் இருக்கும்.

படத்தின் பின்னால் நாள், மணி, நின்ற இடம், படகின் நீளம் ஆகியவற்றைக் குறியுங்கள். கைப்பேசியில் எடுத்தாலும் இவற்றை ஏட்டில் எழுதி வையுங்கள். ஆசிரியரோடு செல்லுங்கள், நீரில் இறங்க வேண்டாம். மனிதர்களைப் படமெடுக்குமுன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

ஓராண்டில் பன்னிரண்டு அளவுகள் சேரும். மாதத்தைக் கிடையச்சிலும் அகலத்தைச் செங்குத்தச்சிலும் குறித்து வரைபடம் போடுங்கள். எந்த மாதத்தில் கோடு சரியத் தொடங்குகிறது? அதன் ஒரு பிரதியைக் குப்பத்துப் பெரியவர்களிடம் கொடுத்து, அவர்கள் நினைவில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள்.