உறங்கும்போது உலை ஏற்றும் கடிகாரம்

பால்மரம் வெட்டச் செல்லும் குடும்பங்களில் முதலில் கண்விழிப்பவர் பெரும்பாலும் தாயே. பெரட்டுக்கு முன் சோறு வெந்தாக வேண்டும் என்பதற்காக அவர் தம் உறக்கத்தைக் குறைத்துக்கொள்கிறார். அவ்வுறக்கத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தரவல்ல எளிய கருவி ஒன்றை இங்கு விளக்குவோம்.

சிங்கப்பூர் சைனாடவுனுக்குச் செல்லும் நம்மவர், சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-ஆம் ஆண்டில் தோன்றிய மாரியம்மன் கோயிலை நன்கறிவர். அவ்வட்டாரத்து மின்பொருள் கடைகளில் 'டைமர்' எனப்படும் நேரவிசை கிடைக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மூன்று முனைப் பிளக்கும் ஒன்றே. ஆகவே, அங்கு வாங்குவது இங்கும் பொருந்தும்.

நேரவிசையின் வட்ட முகப்பைச் சிறு மோட்டார் 24 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றுகிறது. விளிம்பில் 96 பற்கள் இருப்பின், ஒவ்வொரு பல்லும் கால்மணி நேரத்தைக் குறிக்கும். அழுத்தி வைத்த பற்கள் வரும் வேளையில் மின்சாரம் பாயும். மற்ற வேளையில் நிற்கும்.

இதற்கு ஏற்ற துணை மின்சாரச் சோற்றுப்பானை. 1955-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பானையில், வெளிக்கலத்து நீர் வற்றி வெப்பம் 100 பாகையைத் தாண்டியதும் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்தது. சோறு வெந்ததைப் பானையே அறிந்துகொண்டது. அதனைத் தொடங்கும் நேரத்தை மட்டும் நேரவிசை அறிந்தால் போதும்.

இரவு படுக்குமுன் அரிசியும் குளிர்ந்த நீரும் இட்டு, பானையை நேரவிசையில் இணைத்து, அதன் பொத்தானைத் தாழ்த்தி வைக்க வேண்டும். 4 மணி முதல் 5 மணி வரையுள்ள பற்களை அழுத்திவிட்டால், விடியுமுன் சோறு ஆயத்தமாகும். தேங்காய்ப்பால், மீன், இறைச்சி ஆகியவற்றை இரவிலேயே சேர்த்தல் கூடாது, கெட்டுவிடும். எண்பலகையுள்ள புதுவகைப் பானைகளுக்கு இம்முறை ஒவ்வாது. அவற்றுட் பலவற்றில் நேரம் குறிக்கும் வசதி உள்ளேயே உண்டு.

கணினியாலும் இதனைச் செய்யலாம். 1975-இல் ஸ்காட்லாந்தின் பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'எக்ஸ்-10' முறை, வீட்டு மின்கம்பி வழியாகவே 256 முகவரிகளுக்குக் கட்டளை அனுப்ப வல்லது. இன்று கைத்தொலைபேசியும் அப்பணியைச் செய்கிறது. ஆயினும், சோறு சமைக்க நேரவிசையே போதும்.

கடிகாரத்துக்கு நேரம் தெரியும்; ஆபத்துத் தெரியாது. ஆதலின் இஸ்திரிப்பெட்டியையும் திறந்த சூட்டடுப்பையும் அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது. நேரவிசையில் பொறித்துள்ள ஆம்பியர் அளவை மீறலாகாது. 13 ஆம்பியர் என்பது ஏறத்தாழ 3,000 வாட். மின்தடை அரைமணி நேரம் நீடித்தால் பல்வகைக் கடிகாரமும் அரைமணி பின்தங்கும், உடனே திருத்துக. பானையில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையோ மலேசியாவின் சிரிம் முத்திரையோ உள்ளதா எனப் பார்த்து வாங்குக.

இவ்விதிகளைப் பேணுவோமாயின், தாயின் உறக்கமும் காக்கப்படும், வீடும் காக்கப்படும்.