சித்தப்பா, நான் ஊருக்கே வந்துடட்டுமா?

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். பொறியியல் கல்லூரியில் சேர்ந்து அன்றைக்கு ஐந்தாவது நாள். விருத்தாசலம் பக்கத்துக் கிராமம், அரசுப் பள்ளி, தமிழ்வழி. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டிவிடும் என்பதால் அண்ணனுக்கு நிம்மதி. தெருவே திரண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு விடுதி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "சித்தப்பா, நான் ஊருக்கே வந்துடட்டுமா?"

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. க்ளாஸ்ல எல்லாரும் தலையாட்டுறாங்க. எனக்கு மட்டும்தான் ஒண்ணும் புரியல. நான் இங்க வந்திருக்கவே கூடாதோன்னு தோணுது."

"முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிடும்" என்றேன். "சரி சித்தப்பா" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே வார்த்தையைத்தான் எங்கள் காலத்திலும் எல்லோரும் சொன்னார்கள். சொல்லி, ஒருத்தனை அனுப்பியும் வைத்தோம்.

என்னோடு முதலாண்டில் அறையில் இருந்தவன் அவன். கணக்கில் புலி. முதல் உள்தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினான். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய தகரப்பெட்டியும் நீல வாளியும் கட்டிலுக்கடியில் அந்தப் பருவம் முடியும்வரை கிடந்தன. அவன் ஃபெயில் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளியில் ஃபெயில் என்றால் வருஷமே போச்சு. எங்கள் கல்லூரியிலோ மொத்த நூறு மதிப்பெண்ணில் அகமதிப்பீட்டின் பங்கே 20தான். அந்தத் தேர்வு அதற்கான மூன்றில் ஒன்று. பருவத்தேர்விலேயே விழுந்தாலும் அந்தத் தாளை மட்டும் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், மெஸ்ஸில் ஒரு சீனியர் அண்ணன் சொல்லியிருந்தார். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஆக, "சரியாயிடும்" என்பதற்குப் பதில் நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன? என் ஆய்வுக்காகப் படித்து வைத்திருந்த சிலவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவளுக்காக எழுதிய குறிப்புகள்தான் இவை. உங்கள் வீட்டிலும் ஒரு முதலாண்டு இருந்தால் பயன்படலாம்.

நாற்று மஞ்சளிப்பது

நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால் முதல் சில நாள் மஞ்சளடித்துத் துவண்டு நிற்கும். பார்க்கிறவனுக்குப் பயிர் போச்சு என்றுதான் தோன்றும். வேர் பிடித்ததும் பச்சை திரும்பும். விவசாயி அந்த நாட்களில் நாற்று மோசம் என்று சொல்வதில்லை. தண்ணீர் அளவாக நிற்கிறதா என்று பார்ப்பான்.

அமெரிக்க சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ, மாணவர்கள் ஏன் பாதியில் கல்லூரியை விட்டுப் போகிறார்கள் என்று 1975இல் ஒரு கோட்பாடு எழுதினார். பிறகு அதை விரிக்கும்போது, மானுடவியலாளர் ஆர்னால்ட் வான் ஜெனப் 1909இல் சடங்குகளைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொண்டார். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகிறவர் மூன்று கட்டங்களைக் கடக்கிறார்: பழையதிலிருந்து பிரிவது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது, புதியதில் சேர்வது. பலர் விட்டுப்போவது அந்த நடுக்கட்டத்தில். பழைய ஊரிலும் இல்லை, புதிய இடத்திலும் இன்னும் ஆள் இல்லை.

டின்டோ சொன்னதில் ஒன்றைப் பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். புதிய இடத்தில் சேர வேண்டுமானால் பழைய உறவுகளிலிருந்து விலக வேண்டும் என்பது போல அவருடைய மாதிரி பேசியது. வீட்டோடும் ஊரோடும் தொடர்பில் இருப்பதே பலருக்குத் தெம்பு என்றார்கள் விமர்சகர்கள். டின்டோவும் பிறகு தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். அதனால் "தினமும் வீட்டுக்குப் போன் பண்ணாதே, மனசைக் கல்லாக்கிக்கோ" என்று சொல்லும் பெரியவர்களின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. பண்ணு, தாராளமா பண்ணு.

யாரும் நடத்தாத பாடம்

1968இல் ஃபிலிப் ஜாக்சன் என்ற கல்வியாளர் 'மறைந்திருக்கும் பாடத்திட்டம்' என்ற ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். பாடப்புத்தகத்தில் இல்லாத, யாரும் நடத்தாத, ஆனால் தெரிந்தே ஆகவேண்டிய விஷயங்கள். அவர் பேசியது பள்ளி வகுப்பறை பற்றி. கல்லூரிக்கு அது இன்னும் பொருந்தும். அப்பா அம்மா கல்லூரிக்குப் போன வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு விழாது. கேட்கவும் கூச்சம்.

என் அண்ணன் மகளுக்கு எழுதிய பட்டியலில் சில:

வருகைப்பதிவு 75 சதவீதம். ஒரு பாடத்துக்குப் பருவத்தில் 60 வகுப்பு என்றால் 45க்காவது இருக்க வேண்டும். முதல் மாதத்தில் அழுதுகொண்டு பத்து நாள் ஊரில் இருந்துவிட்டால், பிறகு காய்ச்சல் வந்தால்கூட லீவு எடுக்க முடியாது. மருத்துவக் காரணத்துக்குச் சலுகை பல கல்லூரிகளில் உண்டு. ஆனால் சான்றிதழை அப்போதே கொடுத்துவிட வேண்டும்.

கிரெடிட் என்பது எடை. நான்கு கிரெடிட் கணிதத்தில் தரப்புள்ளி 7, இரண்டு கிரெடிட் ஆய்வகத்தில் 10 என்றால் சராசரி எட்டரை இல்லை. 28ஐயும் 20ஐயும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும், 8 வரும். எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அரியர் என்பது பாக்கி. வருஷம் போவது கிடையாது. நாலைந்து சேர்த்துக்கொண்டால் வேலைவாய்ப்பு நேர்காணல்களில் இடிக்கும், அது உண்மை. ஆனால் ஒரு அரியருக்காகப் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை.

ஒவ்வொரு இருபது முப்பது பேருக்கும் ஓர் ஆசிரியரை டியூட்டர் என்றோ மென்ட்டார் என்றோ போட்டிருப்பார்கள். அவரைப் போய்ப் பார்ப்பது தப்பு செய்தவர்கள் செய்கிற காரியம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பள்ளியில் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டால் திட்டு விழும் என்ற பழக்கம் அது. இங்கே அப்படி இல்லை. "சார், இந்த யூனிட் புரியல" என்று போய் நிற்பதற்காகத்தான் அவருக்கு அந்தப் பொறுப்பு.

புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் தேடி வந்து சொல்ல ஆள் இருக்காது.

பொருள் தெரியும், பேர்தான் புதுசு

அவளுடைய பெரிய பயம் ஆங்கிலம். "என்ன நடத்தினாங்க?" என்று கேட்டேன். "ஏதோ மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட்னு போச்சு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அணியும் அணிக்கோவையும்! பன்னிரண்டாம் வகுப்பில் அவளை ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் நேர்மாறு அணி கண்டுபிடித்துக் கொடுப்பாள். வகைக்கெழு தெரியும், டெரிவேட்டிவ் தெரியாது. உந்தம் தெரியும், மொமன்டம் தெரியாது. மின்தேக்கி தெரியும், கெபாசிட்டர் என்றதும் விழிக்கிறாள். பொருள் அவள் கையில் இருக்கிறது. புதுப் பேரைக் கேட்டு, பொருளும் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறாள்.

இதற்கு வழி சுலபம், கொஞ்சம் சலிப்பானதும்கூட. ஒரு நோட்டு, நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பள்ளிச்சொல், வலப்பக்கம் வகுப்பில் காதில் விழுந்த சொல். ஒரு பாடத்துக்கு நூறு சொல் தேறினால் முதல் பருவத்துக்குப் பெரும்பாலும் போதும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவது வேறு வேலை, அதற்கு நான்கு வருடம் இருக்கிறது. முதல் மாதம் வேண்டியது இந்த நூறு சொல்தான்.

தனியாக உட்கார்ந்து படிப்பது

1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஊரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவருக்கு ஒரு கேள்வி வந்தது. தங்கள் பள்ளியில் முதலிடம் வாங்கி வந்த கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் ஏன் விழுகிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வமில்லை, அடித்தளம் சரியில்லை, குடும்ப ஆதரவில்லை, வறுமை என்றார்கள். இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் பின்தொடர்ந்து பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகளே இல்லை. வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள், வீட்டுப்பாடம் செய்தார்கள், சொன்ன நேரம் படித்தார்கள். எல்லாவற்றையும் தனியாகச் செய்தார்கள்.

சீன மாணவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அந்தக் கணக்கே கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாகப் படிப்பவனுக்கு அதே கணக்கு வராவிட்டால், தனக்கு மூளை போதாது என்று படுகிறது. ட்ரைஸ்மன் பிறகு குழுவாக உட்கார்ந்து கடினமான கணக்குகளைப் போடும் பட்டறைகளைத் தொடங்கினார். பங்கெடுத்தவர்களின் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன.

என் அறைத்தோழனும் இப்படித்தான். ராத்திரி இரண்டு மணிவரை வராந்தா விளக்கில் தனியாகப் படிப்பான். அவன் கடினமாகப் படிக்கிறான் என்று நாங்கள் மெச்சிக்கொண்டு தூங்கிப்போனோம்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்

2011இல் கிரிகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்கள் 92 பேர், சுமார் ஒரு மணி நேரம். சோதனைக் குழுவில் இருந்தவர்களுக்கு, "எங்களுக்கும் ஆரம்பத்தில் இந்த இடம் நமக்கானதில்லை என்று தோன்றியது, பிறகு இப்படி மாறியது" என்று சீனியர்கள் சொன்ன அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதவைத்தார்கள். அடுத்து வரும் மாணவர்களுக்காகப் பேசவும் வைத்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறி, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு நாலு கதை சொன்னால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023இல் இதையே 22 கல்வி நிறுவனங்களில் 26,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்து பார்த்தார்கள். விளைவு சிறியதாகத்தான் இருந்தது. அதுவும், அந்த மாணவர்கள் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருந்த கல்லூரிகளில்தான் தெரிந்தது. கல்லூரி இடம் கொடுக்க வேண்டும். வார்த்தை மட்டும் வேர் பிடிக்க வைக்காது.

ஆகவே இன்னொன்றையும் அவளிடம் கேட்டேன்: "யாராவது தொந்தரவு பண்றாங்களாம்மா? சாதியைச் சொல்லி, ஊரைச் சொல்லி, சீனியர்னு சொல்லி?" இல்லை என்றாள். இருந்திருந்தால் "பொறுத்துக்கோ" என்பது பதிலே இல்லை. 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு அதற்கென்றே சட்டம் போட்டது. இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522. இதை ஒவ்வொரு முதலாண்டு மாணவரும் போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி நானே அழைத்தேன். என் அறைத்தோழனைப் பற்றி முதல்முறையாக அவளிடம் சொன்னேன். ஐம்பதுக்குப் பதினொன்று, நீல வாளி, எல்லாம். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அவரு இப்ப என்ன பண்றாரு சித்தப்பா?"

"தெரியலம்மா."

பிறகு ஒரு வேலை கொடுத்தேன். நாளைக்குத் தலையாட்டுகிறவர்களில் ஒருத்தியிடம் போய், "உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு வா.

இன்று மதியம் வாட்ஸப்பில் ஒரு வரி வந்திருந்தது. "பக்கத்து பெஞ்ச் பொண்ணுக்கும் புரியலயாம் சித்தப்பா. மேட்டூர் பக்கம். அவளும் தமிழ் மீடியம்தான்." கூடவே ஒரு படம்: நோட்டில் நடுவில் கோடு, இரண்டு கையெழுத்தில் பதினேழு சொற்கள்.

ஊருக்கு வருவதைப் பற்றி அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. 'அணிக்கோவை'யில் ஒற்றுப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.