கேள்வி கேட்டால் ஏன் கோபம்?
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச்சுகளும் பத்தி எழுத்தாளர்களும்

2007 செப்டம்பர் 22. ஓக்லஹோமா மாநிலம், ஸ்டில்வாட்டர் நகரம். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அணி, டெக்சஸ் டெக் அணியை 49-45 என்ற கணக்கில் வென்றிருந்தது. வென்ற அணியின் கோச் மைக் கன்டி செய்தியாளர்கள் முன் வந்து நின்றார். கையில் அன்றைய ‘தி ஓக்லஹோமன்’ நாளிதழின் ஒரு பக்கம். அதைத் தூக்கிக் காட்டி, இதில் முக்கால்வாசி உண்மை இல்லை என்றார். விளையாடும் பையனை விட்டுவிடுங்கள் என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. “என் மேல பாயுங்க! நான் ஆம்பளை! எனக்கு 40 வயசு!” என்று கத்தினார். அந்தப் பத்தியை எழுதிய ஜென்னி கார்ல்சன் அதே அறையில்தான் இருந்தார்.

கார்ல்சன் எழுதியது பாபி ரீட் என்ற மாணவ வீரரைப் பற்றி. அவர் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அந்த வாரம் அவருடைய இடம் இன்னொருவருக்குப் போயிருந்தது. ரீட்டின் மனப்போக்கும் அதற்குக் காரணம் என்று கார்ல்சன் எழுதினார். ஓர் ஆட்டம் முடிந்து வெளியே நின்றபோது அம்மா அவருக்குச் சிக்கன் ஊட்டிவிட்டதையும் சேர்த்திருந்தார். எழுதியவருக்குப் பிள்ளை இல்லை, அதனால்தான் இப்படி எழுத முடிந்தது என்று கன்டி அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார். எந்தெந்தத் தகவல் தவறு என்று பிறகு கேட்டபோது பட்டியல் தர மறுத்துவிட்டார். கார்ல்சன் தான் எழுதியதில் உறுதியாக நின்றார்.

இங்கே பேசப்படும் ஃபுட்பால், நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் அமெரிக்க ஆட்டம். பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கு 1 லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள்கூட உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநரோ துணைவேந்தரோ அல்ல, ஒரு கோச். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சைப் பதவி நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த பாக்கி 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலையை விட்டு அனுப்புவதற்கே இந்தத் தொகை. இவ்வளவு பணத்தைக் கையாளும் ஒருவரைக் கேள்வி கேட்க யாராவது இருந்தாக வேண்டும்.

கேட்பதிலும் இரண்டு வகை எழுத்தாளர்கள் உண்டு. ஒரே அணியைத் தினமும் பின்தொடரும் செய்தியாளர் ஒருவர். பயிற்சி பார்க்கவும், காயம்பட்டவர் யார் என்று தெரிந்துகொள்ளவும் அவருக்குக் கோச்சின் தயவு தேவை. பத்தி எழுத்தாளர் வேறு. அபிப்பிராயம் சொல்வதுதான் அவர் வேலை. கோச் முகம் கொடுக்காவிட்டாலும் அவருடைய பத்தி நிற்காது. கோச்சுகளுக்கு இவர் மீதுதான் ஆத்திரம் அதிகம். அணிக்கு நன்கொடை தரும் செல்வந்தரும், 17 வயது மகனை எந்தக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று யோசிக்கும் பெற்றோரும் அந்தப் பத்தியைப் படிக்கிறார்கள். தோல்விக்கு அடுத்த நாள் காலையில் வரும் ஒரு கடுமையான பத்தி, கோச்சின் வேலையையே ஆட்டம் காணச் செய்யும்.

2011-ல் தென் கரோலினா கோச் ஸ்டீவ் ஸ்பரியர், ‘தி ஸ்டேட்’ நாளிதழின் பத்தி எழுத்தாளர் ரான் மோரிஸ் அறையில் இருக்கும்வரை பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 2019-ல் வாஷிங்டன் ஸ்டேட் கோச் மைக் லீச், பெரிய ஆட்டத்தில் தோற்ற கையோடு, ஸ்போகேன் நகரப் பத்தி எழுத்தாளரைச் செய்தியாளர் சந்திப்பிலேயே ஏசினார்.

இதெல்லாம் புதிதும் அல்ல. 1961 நவம்பரில் அலபாமா வீரர் ஒருவர் இடித்ததில் ஜார்ஜியா டெக் வீரருக்குத் தாடை எலும்பு உடைந்தது. அட்லாண்டாவின் புகழ்பெற்ற விளையாட்டு எழுத்தாளர் ஃபர்மன் பிஷர், மறு ஆண்டு ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் அலபாமா கோச் பேர் பிரையன்ட்டின் முரட்டுப் பாணியைக் கண்டித்து எழுதினார். பிரையன்ட் வழக்குப் போட்டார். அது நிலுவையில் இருக்கும்போதே, 1963 மார்ச்சில் அதே இதழ் இன்னும் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டது: பிரையன்ட்டும் ஜார்ஜியா பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநராக இருந்த வாலி பட்ஸும் கூட்டுச் சேர்ந்து ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்தார்கள் என்று. ஆதாரம், இணைப்பு மாறியதால் ஒருவர் காதில் விழுந்த தொலைபேசிப் பேச்சு. அவர் எடுத்து வைத்திருந்த குறிப்புகளைக்கூட இதழில் யாரும் அச்சேறும் முன் பார்க்கவில்லை. பிரையன்ட் 3 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு சமரசமானார். பட்ஸ் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967-ல் அவர் வென்றார். அவருக்குக் கிடைத்தது 4,60,000 டாலர்.

ஆனாலும் அந்தத் தீர்ப்பு பத்திரிகைகளுக்குக் கவசமாகவும் அமைந்தது. பிரபலமானவர்கள் அவதூறு வழக்கில் எளிதில் வெல்ல முடியாது, எழுதியவர் பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமலோ எழுதினார் என்று காட்ட வேண்டும் என்ற நெறி, அரசு அதிகாரிகளைத் தாண்டி கோச் போன்ற பொது மனிதர்களுக்கும் விரிந்தது அந்த வழக்கில்தான். அதன் பிறகு கோச்சுகளுக்கு நீதிமன்றத்தை விட எளிய வழி ஒன்று தேவைப்பட்டது. வாசலை அடைப்பதுதான் அந்த வழி.

2024 ஆகஸ்டில் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகம் அதைச் செய்தது. ‘டென்வர் போஸ்ட்’ பத்தி எழுத்தாளர் ஷான் கீலர், கோச் டியான் சாண்டர்ஸிடமோ அணியின் மற்றவர்களிடமோ இனி கேள்வி கேட்கக் கூடாது என்று அறிவித்தது. சந்திப்புக்கு வரலாம், உட்காரலாம். வாய் திறக்கக் கூடாது. அவர் தொடர்ந்து தனிப்பட்ட முறையில் தாக்குகிறார் என்பது பல்கலைக்கழகம் சொன்ன காரணம். ‘பொய்த் தீர்க்கதரிசி’ என்பது கீலர் சாண்டர்ஸுக்குச் சூட்டிய பட்டங்களில் ஒன்று. அந்தச் சொல் காரமானது, மறுக்கவில்லை. ஆனால் காரமான சொல்லுக்குப் பதிலாகக் கோச் இன்னொரு காரமான சொல்லைச் சொல்லலாம். மாநில அரசின் பல்கலைக்கழகம் ஒருவரின் கேள்வியைத் தடை செய்வது வேறு விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? விடை தெளிவாக இல்லை. 2004-ல் மேரிலாண்ட் ஆளுநர் ராபர்ட் எர்லிக், ‘பால்டிமோர் சன்’ நாளிதழின் செய்தியாளர் ஒருவரிடமும் பத்தி எழுத்தாளர் ஒருவரிடமும் பேசக் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். நாளிதழ் வழக்குத் தொடுத்தது. 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆளுநர் பக்கமே நின்றது. ஒரு செய்தியாளருக்குப் பதில் தர மறுப்பது கருத்துரிமையை மீறுவதாகாது என்றது. ஆகவே சாண்டர்ஸ் ‘பதில் இல்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்புவதை யாரும் தடுக்க முடியாது. அதைச் செய்தாலே போதுமே! கேள்வி காதில் விழவே கூடாது என்று பல்கலைக்கழகம் ஆணை போட்டது தவறு. இன்று கீலர், நாளை தினச் செய்தியாளர். அவர் பிழைப்பே அந்த அறையில்தான் இருக்கிறது. அவர் கேள்வியை விழுங்கக் கற்றுக்கொள்வார்.

பத்தி எழுத்தாளருக்கும் ஒரு கடமை உண்டு. 2007-ல் ரீட் சம்பளம் வாங்காத மாணவர். 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் பெறலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். ‘பாவம், சின்னப் பையன்’ என்ற வாதம் இனி முன்போல எடுபடாது. அவர் ஆடிய ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். அம்மா ஊட்டிவிட்ட சாப்பாடு அதில் சேராது.

கன்டி 2025 செப்டம்பர் வரை அதே கல்லூரியில் கோச்சாக இருந்தார். 2007-ல் அவர் கத்திய வீடியோ இன்றும் இணையத்தில் சுற்றுகிறது, பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அடுத்த முறை கண்ணில் பட்டால் அதில் இல்லாத பாபி ரீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். தன்னைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கோச் கத்திய கத்தல், தன் வாழ்க்கையையே முடித்துவிட்டது போலானது என்று அவர் பின்னர் சொன்னார். அவர் அந்தக் கல்லூரியை விட்டு விலகி, டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார்.