விரிசல் விட்ட சன்னற் கண்ணாடி

உடைந்த கண்ணாடி ஒட்டாது என்பது உலக வழக்கு. மனித உறவுகளை எண்ணிச் சொல்லப்படும் அவ்வழக்கு, கண்ணாடியைப் பொறுத்த வரையிலும் பெரும்பாலும் உண்மையே. ஆயினும், விரிசல் கண்ட கண்ணாடியை அன்றைய தினமே மாற்றிவிடுவது எல்லோருக்கும் இயல்வதன்று. கண்ணாடி வெட்டிப் பொருத்துபவர் வந்து சேரச் சில நாட்கள் ஆகலாம். வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் இசைவு வேண்டும். அரசுக் குடியிருப்பாயின் பராமரிப்பு அலுவலகத்தில் முறையீட்டைப் பதிவு செய்து, நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நாம் காத்திருப்போம், காற்றும் வெயிலும் காத்திருப்பதில்லை. இந்த இடைக்காலத்தில் நம் கையாலேயே செய்துகொள்ளத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

தலைநகராகிய தில்லியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கண்ணாடிக்குச் சோதனை தரும் பருவங்கள் அனைத்தும் இங்கு உண்டு. மே, சூன் மாதங்களில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உள்ளன. அதே மாதங்களில் 'ஆந்தி' எனப்படும் புழுதிப் புயல் முன்னறிவிப்பின்றி எழுந்து, திறந்திருக்கும் கதவுகளையெல்லாம் அறைந்து சாத்தும். சனவரி இரவுகளிலோ குளிர் நான்கைந்து டிகிரி வரை இறங்கும். இவற்றுக்கிடையே மூன்றாம் மாடியில், இரும்புச் சட்டத்தில் பொருத்திய பழைய கண்ணாடி ஒன்று விரிசலுடன் நிற்கிறதென்றால், அதன் கீழே சந்தில் விளையாடும் குழந்தைகளையும் காய்கறி வண்டி தள்ளி வருபவரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி நம்முடையதாயினும், அது விழும் இடம் நம்முடையதன்று.

முதலில் விரிசலின் இயல்பை அறிந்துகொள்வோம். விரிசல் என்பது நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சி என்று நாம் கருதுகிறோம். உண்மையில் அது இன்னும் நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியாகும். கண்ணாடியின்மீது எங்கே அழுத்தம் விழுந்தாலும், அது விரிசலின் கூரிய முனையில் சென்று குவிகிறது. ஆங்கிலப் பொறியியலறிஞர் கிரிஃபித் என்பார் 1921-ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வில் இதனை விளக்கினார். கண்ணாடிக் குமிழ்களிலும் குழாய்களிலும் வேண்டுமென்றே விரிசல்களை உண்டாக்கி, உள்ளிருந்து அழுத்தம் கொடுத்து வெடிக்கச் செய்து அவர் சோதித்தார். விரிசல் நீள நீள, அதனை மேலும் பிளப்பதற்கு வேண்டிய விசை குறைந்துகொண்டே போகிறது என்பது அவர் கண்ட முடிவு. விரிசல் நான்கு மடங்கு நீண்டால், முன்பு தேவைப்பட்ட விசையில் பாதியே போதும். சென்ற மாதம் வீசிய காற்றைத் தாங்கிய கண்ணாடி, இந்த மாதம் அதனினும் மெல்லிய காற்றில் விழுந்துவிடுவது இதனால்தான்.

ஈரமும் விரிசலுக்குத் துணை செய்கிறது. காற்றிலுள்ள நீராவி விரிசலின் முனையை அடைந்து, அங்குக் கண்ணாடியின் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. 1967-இல் வெளியான சோதனைகள் இதனை ஐயமற நிறுவின. ஆகவே மழைக்காலத்தில் விரிசல் விரைந்து வளரும் என எதிர்பார்க்கலாம்.

காற்றின் வலிமையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தத்தைத் தருகிறது. 60 சென்டிமீட்டர் உயரமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிறு கண்ணாடியின்மீது இது 6 அல்லது 7 கிலோகிராம் ஆகும். அக்கண்ணாடி 3 மில்லிமீட்டர் கனமுடையதாயின் அதன் எடையே 2 கிலோகிராம் இருக்கும். மூன்றாம் மாடியிலிருந்து விழும் இரண்டு கிலோகிராம் கூரிய கண்ணாடி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, ஒட்டுப் போடுவதனால் நாம் அடையக்கூடிய பயன் யாது? 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்க்காலத்தில் வடஇந்திய நகரங்களில் சன்னற் கண்ணாடிகளின்மீது காகிதப் பட்டைகளை ஒட்டிவைத்ததை முதியோர் பலர் இன்றும் நினைவு கூர்வர். அப்பட்டைகள் கண்ணாடியை உடையாமற் காப்பதற்கு ஒட்டப்பட்டவை அல்ல; உடைந்தால் துண்டுகள் அறைக்குள் சிதறிப் பாயாமற் காப்பதற்கே ஒட்டப்பட்டவை. நம் வீட்டு ஒட்டுக்கும் இதுவே இலக்கணம். ஒட்டு கண்ணாடியைக் குணப்படுத்தாது. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துவைக்கும். காற்றையும் தூசியையும் தடுக்கும். நமக்குச் சில நாள் தவணை வாங்கித் தரும். இதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு.

ஒட்டுப் போடுமுன் விரிசலை நன்கு உற்று நோக்க வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் பல கோடுகள் பிரிந்தால், கல்லோ பந்தோ பட்ட அடியெனக் கொள்ளலாம். விளிம்பிலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டு ஒரே கோடாக உள்ளே வளைந்து சென்றால், அது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை. வெயில் படும் நடுப்பகுதி சூடேறி விரிகிறது. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்போ குளிர்ந்தே இருக்கிறது. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி 30 டிகிரி சூடேறினால் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. இச்சிறு வேறுபாடே விளிம்பை இழுத்துப் பிளக்கப் போதுமானது. கோடையில் சன்னலில் பொருத்தும் கூலரின் நீர்த்துளிகள் சுடுகின்ற கண்ணாடிமீது தெறிப்பதும் இவ்வகைத் தீங்கே.

மூன்றாவது காரணம் துரு. இரும்பு துருப்பிடிக்கும்போது பருக்கிறது. பழைய இரும்புச் சட்டங்களில் துரு உப்பி, கண்ணாடியின் விளிம்பை நெரிக்கும். அத்தகைய சட்டத்தில் எவ்வளவு ஒட்டினாலும் விரிசல் நிற்காது. புதுக் கண்ணாடியைப் பொருத்துமுன் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, புதிய மக்கு வைக்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் புதிய கண்ணாடியும் பழையதன் வழியே செல்லும்.

கண்ணாடியின் வகையையும் கவனிக்க வேண்டும். சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்து வலுவூட்டிய கண்ணாடி, உடையும்போது தாள் முழுவதும் சிறுசிறு துணுக்குகளாகும். அவ்வாறு வலைபோல் நொறுங்கி நிற்கும் கண்ணாடியில் வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. குழந்தைகளை விலக்கி, கீழே நடப்பவரை எச்சரித்து, அன்றே தொழிலாளியை அழைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியிலும், விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டித் தனித்துண்டு கழன்று நின்றாலோ, விரிசல் ஒரு விளிம்பிலிருந்து எதிர்விளிம்பு வரை ஓடிவிட்டாலோ, ஒட்டை நம்பியிருத்தல் ஆகாது.

இந்நிலைகளில் சேராத விரிசலுக்குச் செய்யத்தக்கவற்றை முறையாகக் கூறுவோம்.

முதலாவது, சன்னலருகே இருக்கும் கட்டிலையும் தொட்டிலையும் அகற்றுக. திரைச்சீலையை இழுத்து மூடிவைத்தல் நன்று. தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, கையில் தடித்த உறை அணிந்து, காலில் செருப்புடன் வேலையைத் தொடங்குக.

இரண்டாவது, விரிசலின் இரு முனைகளிலும் மைக்கோலால் சிறு கோடு இட்டுத் தேதியை எழுதுக. செலவில்லாத இந்தக் குறிப்பு மிகுந்த பயனுடையது. விரிசல் கோட்டைக் கடந்து சென்றால், தவணை முடிந்துவிட்டது என்பது பொருள்.

மூன்றாவது, கண்ணாடியைத் துடைத்து உலர்த்துக. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தல் கூடாது. சிறிது ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் விரிசலின் போக்கிலேயே மெல்ல ஒற்றியெடுத்தால் எண்ணெய்ப் பசையும் தூசியும் நீங்கும்.

நான்காவது, பெட்டிகளை ஒட்டப் பயன்படும் இரண்டங்குல அகலமான ஒட்டுநாடாவை விரிசலின் நீளத்துக்கு ஒட்டுக. இரு முனைகளுக்கும் அப்பால் ஐந்து சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். பின்னர், கைவிரல் இடைவெளி விட்டுக் குறுக்கே சில பட்டைகள் ஒட்டினால் பிடிப்பு மிகும். இயலுமாயின் வெளிப்புறமும் ஒட்டலாம். ஆனால் மாடிச் சன்னலில் உடலை வெளியே நீட்டி ஒட்ட முனைவது கூடவே கூடாது. உட்புற ஒட்டே போதும். கண்ணாடிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மிகச் சிறிய சில்லு பெயர்ந்த இடத்தில் நிறமற்ற நகப்பூச்சை இரண்டு மூன்று முறை பூசுவது பலரும் அறிந்த உபாயம். இது தூசியையும் ஈரத்தையும் தடுக்கும்; வலிமை தராது. நொடியில் ஒட்டும் பசை, மெல்லிய விரிசலுக்குள் தானே ஊர்ந்து சென்று இறுகும். இரு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எப்பாக்சிப் பசை, சற்று அகன்ற விரிசலை நிரப்பும். இரண்டும் வெயிலிலும் ஈரத்திலும் நாளடைவில் தளர்வன. நொடிப்பசையைப் பருத்தித் துணியில் சிந்தவிடலாகாது. பருத்தியோடு சேரும்போது அது தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறக்கூடும். விரல்களையும் கண்ணிமைகளையும் அது ஒட்டிவிடும் என்பதால், குழந்தைகள் இல்லாத நேரத்தில் காற்றோட்டமான இடத்தில் கையாள வேண்டும்.

கண்ணாடியில் ஓட்டையே விழுந்துவிட்டால், தளர்ந்த துண்டுகளைக் கவனமாக நீக்கிய பின், தடித்த பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தின் நான்கு புறமும் நாடாவால் ஒட்டுக. அட்டை மழையில் நனைந்து தொய்ந்துவிடும். சில நாட்களுக்கு மேல் வேண்டுமாயின் ஒட்டுப்பலகையைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டிப் பொருத்துவதே தக்கது.

இங்கு ஓர் எச்சரிக்கை. குளிர்காலத்தில் சன்னலை இவ்வாறு அடைத்துவிட்டு, அறைக்குள் அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை மூட்டிக்கொண்டு உறங்குவோர் உளர். எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்று புக வழியில்லாத அறையில் அது உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். வடஇந்தியக் குளிர்காலத்தில் இத்தகைய மரணங்கள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளன. சன்னல் அடைபட்ட அறையில் கரியடுப்பு கூடாது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவைப்போம்.

ஒட்டுப் போட்ட சன்னலை ஓங்கிச் சாத்துதல், அதில் வெந்நீர் ஊற்றிக் கழுவுதல், விரிசலின் முனையில் துளையிட முயலுதல் ஆகியவை விலக்கத்தக்கவை. இரும்புத் தகட்டில் முனைத்துளையிட்டு விரிசலை நிறுத்துவது பட்டறையில் உள்ள வழக்கம்; வீட்டுக் கருவியால் கண்ணாடியில் அதனைச் செய்யப்போனால் தாளே சிதறும்.

இந்த ஒட்டுக்கு ஆயுள் எவ்வளவு? சில வாரங்கள் எனக் கொள்வதே விவேகம். நாடாவின் பசை வெயிலில் காய்ந்து பிடிப்பை இழக்கும். பார்வைக்கு ஒட்டியிருப்பது போலவே தோன்றும். பிடிக்க வேண்டிய வேளையில் பிடிக்காது. தற்காலிக ஒட்டின் பெருங்குறை இதுவே: அது நம் கண்ணையும் மனத்தையும் பழக்கிவிடுகிறது. காற்று வரவில்லை, மழை வரவில்லை என்றதும் முறையீட்டை மறந்துவிடுகிறோம். ஆகையால் ஒட்டுப் போடும் அன்றே கண்ணாடிக்காரருக்கோ பராமரிப்பு அலுவலகத்துக்கோ சொல்லிவைத்து, தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, கழற்றிய கண்ணாடியை என் செய்வது? குப்பைக் கூடையில் அப்படியே போட்டுவிட்டால், நம் வீட்டைவிட்டு அபாயம் நீங்கிற்றே ஒழிய, ஊரைவிட்டு நீங்கவில்லை. விடியற்காலையில் குப்பையை அள்ளுபவரின் கையையும், அதைப் பிரித்துப் பிழைப்பவரின் காலையும் அது தேடிச் செல்லும். துண்டுகளைப் பல மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியிலிட்டுக் கட்டி, மேலே 'கண்ணாடி' என்று அவ்வூர் மொழியில் பெரிதாக எழுதி, குப்பை எடுப்பவர் வரும்போது வாயாலும் சொல்லி அவரிடம் தனியே கொடுப்போமாக. விரிசலைக் கண்ட நாளில் தொடங்கிய நம் பொறுப்பு, அந்தப் பொட்டலம் பத்திரமாகக் கை மாறும்போதுதான் நிறைவு பெறுகிறது.