எத்தனையாவது வாரத்தில் திரும்புகிறீர்கள்?

கர்ப்பிணிப் பெண்ணுக்கு டிராவல் பாலிசி எடுக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் பிரீமியம் எவ்வளவு என்று கேட்பார்கள். ரிட்டர்ன் டிக்கெட் என்றைக்கு என்று நான் கேட்பேன். திருச்சியில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கிறேன். இங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கு நேராகவே விமானம் ஏறலாம் என்பதால், கணவரிடம் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு ஏழாம் மாத வளைகாப்புக்குத் தாய்வீடு திரும்புகிற பெண்கள் நிறையப் பேர் என் மேஜைக்கு வருகிறார்கள். வளைகாப்பு, தலைப்பிரசவம், தாய்வீடு என்ற நம் கணக்கு, பயணத்தைச் சரியாகச் சிக்கலான வாரங்களில் கொண்டுபோய் வைக்கிறது.

வீட்டில் மாதக் கணக்கு. பாலிசியில் வாரக் கணக்கு. அதுவும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. "ஏழாம் மாசம்" என்று அம்மா சொல்வது டாக்டரின் ஃபைலில் 26 வாரமாகவும் இருக்கலாம், 30 வாரமாகவும் இருக்கலாம். அந்த நாலு வாரத்திலோ அதற்கு முன்போ பல பாலிசிகளின் கதவு சாத்தப்படுகிறது. ஒற்றைக் கரு என்றால் 24 வாரத்தோடு நிறுத்திக்கொள்கிற வெளிநாட்டு பாலிசிகள் உண்டு. இரட்டை என்றால் அதற்கும் முன்பே. ஐ.வி.எஃப். கர்ப்பத்துக்குத் தனி விதி வைத்திருப்பவையும் உண்டு. புறப்படும் நாளில் வரம்புக்கு உள்ளே இருந்து, திரும்பும் நாளில் வெளியே போய்விட்டால் என்ன பயன்? அதனால்தான் ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேட்கிறேன்.

நம் நாட்டு பாலிசிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். ஹெல்த் பாலிசிகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்குகளில் 18-ஆவது மகப்பேறு. சாதாரணப் பிரசவம், சிக்கலான பிரசவம், சிசேரியன் எல்லாம் அதில் அடக்கம். கருப்பைக்கு வெளியே தரிக்கிற கர்ப்பத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கருச்சிதைவு விபத்தால் நேர்ந்தால்தான் பணம். டிராவல் பாலிசிகளிலும் பெரும்பாலும் இதே போக்குதான். தாயின் உயிருக்கே ஆபத்து என்கிற சிக்கலுக்கு மட்டும் செலவு தருகிற பாலிசிகள் சில இருக்கின்றன. நான் தேடுவது அவற்றைத்தான். அதற்காகச் சாதாரண பாலிசி வீண் என்று அர்த்தமில்லை. படிக்கட்டில் விழுந்து கால் ஒடிந்தாலோ, பெட்டி தொலைந்தாலோ கர்ப்பிணிக்கும் மற்றவர்களைப் போலவே பணம் வரும்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். யாருமே கேட்காத கேள்வி இது. பாலிசி தாயின் பெயரில் இருக்கிறது. 37 வாரம் முடியுமுன் அங்கேயே குழந்தை பிறந்துவிட்டால், இன்குபேட்டரில் கிடக்கிற அந்தப் பிள்ளை எந்த பாலிசியில் இருக்கிறது? பெரும்பாலும் எதிலும் இல்லை. பிறந்த குழந்தையை அப்போது புதிதாகச் சேர்க்கவும் முடியாது. சில மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள். தாயின் பில்லைவிடக் குழந்தையின் பில் பல மடங்கு பெரிதாக வரக்கூடியது.

2013-இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்திலிருந்து ஹவாய்க்கு விடுமுறை போன ஒரு பெண்ணின் கதை பத்திரிகைகளில் வந்தது. என்னிடம் வருகிற எல்லாரிடமும் அதைச் சொல்வேன். அவருக்கு அப்போது 24 வாரம். டாக்டர் போகலாம் என்றார், பாலிசியும் கையில் இருந்தது. போன இடத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆறு வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கை, பிறகு அவசர சிசேரியன். ஒன்பது வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு இரண்டு மாதம் தீவிர சிகிச்சை. பில் ஏறக்குறைய 9,50,000 அமெரிக்க டாலர். அந்தக் கர்ப்பத்தில் முன்பு வந்த சிறுநீர்ப்பைத் தொற்றைக் காட்டி, இது முன்பே இருந்த கோளாறு என்று நிறுவனம் பணம் தர மறுத்தது.

இதைச் சொன்ன பிறகும் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "மூணு மாசம் ஆகுற வரைக்கும் வெளியே சொல்ல வேணாம்னு இருக்கோம் மேடம். ஃபாரத்துல போடாம விட்டா என்ன?" கண்ணுபட்டுவிடும் என்ற பயம் எனக்கும் புரியும். அண்டை வீட்டாரிடம் சொல்ல வேண்டாம், ஃபாரத்தில் மறைக்கக் கூடாது. கர்ப்பம், பி.பி., சர்க்கரை, நடுவில் ஏற்பட்ட ரத்தக்கசிவு, முந்தைய சிசேரியன், முந்தைய குறைப்பிரசவம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதினால் பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். மறுப்பு இங்கேயே தெரிந்துவிட்டால் டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமே.

விமான நிறுவனத்தின் சான்றிதழை பாலிசியோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 29 வாரம் முதல் டாக்டர் சான்றிதழ் வேண்டும். ஒற்றைக் கரு என்றால் 36 வாரம் வரை, இரட்டை என்றால் 32 வாரம் வரை ஏற்றுவார்கள். அந்தக் காகிதம் விமானத்தில் ஏற்றிவிடும், ஆஸ்பத்திரி பில் கட்டாது. ஐரோப்பா விசாவும் அப்படியே. ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்கின்றன. அதில் பிரசவம் அடங்குமா என்பது உங்கள் தலைவலி, தூதரகத்துடையது அல்ல.

டாக்டர் கடைசி நேரத்தில் போகாதே என்றால் டிக்கெட் பணம் திரும்புமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்குப் பெரும்பாலும் தருவதில்லை; சிக்கல் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் தருகிறவை உண்டு.

பாலிசி வாங்குமுன் ஏஜென்ட்டின் வாய்வார்த்தையை, என்னுடையதையும் சேர்த்து, நம்ப வேண்டாம். நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். நான் திரும்பும் நாளில் இத்தனையாவது வாரம். அதுவரை கர்ப்பச் சிக்கலுக்குச் செலவு தருவீர்களா? குறைப்பிரசவமானால் குழந்தைக்கும் உண்டா? எவ்வளவு வரை? பதில் வந்தால் அச்சடித்து, ஸ்கேன் ரிப்போர்ட், நிறுவனத்தின் உதவி எண் இருக்கிற அதே ஃபைலில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் முடிந்தவரை சேருமுன்பே அந்த எண்ணுக்குப் போன் போய்விட வேண்டும். எழுத்தில் பதில் தராத நிறுவனத்தின் பாலிசியை, விற்பது நானாக இருந்தாலும், வாங்காதீர்கள்.