சாலையோரத்தில் அடிபட்ட ஆமைக்கு உதவுதல்

மழைக்காலத்தில் ஏரி, குளம், வயல், புதர்க்காடு ஆகியவற்றை ஒட்டிய சாலைகளைக் கடக்கும் ஆமைகள் வாகனங்களில் அடிபடுவது உண்டு. இவ்வாறு அடிபட்ட ஆமையை மேலும் காயப்படுத்தாமல் எடுத்து, வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ சேர்ப்பதே பொதுமக்கள் செய்யக்கூடிய முதலுதவி ஆகும். ஆமை என்றாலே நீரில் வாழ்வது என்று எண்ணி, அருகிலுள்ள குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் பெரிய தவறு. காயம்பட்ட ஆமை நீரில் மூழ்கி இறக்கும்.

எந்த ஆமை?

தமிழ்நாட்டுச் சாலைகளில் காணக்கூடியவற்றுள் மூன்று வகைகள் குறிப்பிடத்தக்கவை.

நட்சத்திர ஆமை: தரையில் வாழ்வது. மேடான ஓட்டில் மஞ்சள் நிறக் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். கால்கள் யானைக்கால் போலத் தூண் வடிவில் இருக்கும். விரலிடைச் சவ்வு கிடையாது. காயம் இல்லாவிட்டாலும் இதனை ஆழமான நீரில் விடக் கூடாது.

பாலாமை: நன்னீரில் வாழ்வது. தட்டையான ஓட்டின் மேல் வழவழப்பான தோல் மூடியிருக்கும். கழுத்து நீளமானது, திரும்பிக் கடிக்கும்.

கருப்பு ஆமை: நன்னீரில் வாழ்வது. ஓடு கடினமானது, கருமை நிறமுடையது. முதுகில் மூன்று வரம்புகள் காணப்படும்.

ஓடு உடைந்தால் என்ன ஆகும்?

ஆமையின் ஓடு சட்டை போலக் கழன்று வருவதன்று. அது ஏறத்தாழ 50 எலும்புகள் இணைந்தது. முதுகெலும்பும் விலா எலும்புகளும் மேலோட்டுடன் ஒன்றியுள்ளன. பெரும்பாலான ஆமைகளில் அதன்மேல், நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற பொருளாலான தகடுகள் மூடியிருக்கும். ஓட்டில் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு. எனவே ஓட்டில் விரிசல் என்பது எலும்பு முறிவே. ஆமைக்கு அது வலிக்கும்.

நுரையீரல்கள் மேலோட்டுக்கு நேர் கீழே அமைந்துள்ளன. மேலோடு உடைந்த ஆமையை நீரில் விட்டால் விரிசல் வழியே நீர் உள்ளே புகும். மல்லாக்கப் போட்டால் உள்ளுறுப்புகள் நுரையீரலை அழுத்தும்.

முதலுதவி

1. முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, போக்குவரத்தைக் கவனித்த பின்னரே சாலையில் இறங்குங்கள். சிறுவர்கள் பெரியவர் துணையின்றிச் செல்லக் கூடாது.
2. ஓட்டின் இரு பக்கங்களையும், பின்கால்களுக்குச் சற்று முன்னால், இரு கைகளாலும் பிடித்துத் தூக்குங்கள். பாலாமையானால் ஒரு துணியைப் போர்த்தித் தூக்கலாம். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு பாதிக்கப்படும்.
3. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் மெதுவாக அழுத்துங்கள். உடைந்த துண்டுகளைப் பிடுங்க வேண்டாம்.
4. காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இயல்பான நிலையில் வையுங்கள். ஈ மொய்க்காதபடி மூடுங்கள்; காயத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும்.
5. பெட்டியை வெயில்படாத, அமைதியான இடத்தில் வையுங்கள். தீனியோ நீரோ புகட்ட வேண்டாம்.
6. கண்ட இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குணமான பின் அதே பகுதியில் விட இது உதவும்.
7. வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். எண் தெரியாவிட்டால் 112 என்ற அவசர எண்ணை அழைக்கலாம்.
8. முடிவில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமைகளின் உடலில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

மஞ்சள்தூள், எண்ணெய், களிம்பு ஆகியவற்றைக் காயத்தில் பூசக் கூடாது. விரிசலைப் பசை கொண்டு ஒட்டினால் கிருமிகள் உள்ளேயே அடைபட்டுச் சீழ் பிடிக்கும்.

காயமில்லாமல் சாலையைக் கடக்கும் ஆமையை, அது சென்றுகொண்டிருந்த திசையிலேயே மறுபுறம் விட்டால் போதும். வந்த பக்கமே திருப்பி விட்டால் மீண்டும் சாலையில் ஏறும்.

அசைவில்லாத ஆமை

ஆமையின் உடல் மெதுவாக இயங்குவது. நெடுநேரம் மூச்சு விடாமலும் அசையாமலும் கிடந்து பிழைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆகவே இறந்துவிட்டது என்று நாமாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது. இறந்தது பெண் ஆமையானால் வயிற்றில் முட்டைகள் இருக்கலாம். அவற்றை எடுத்துப் பொரிக்க வைக்கவும் சில வேளைகளில் வாய்ப்புண்டு.

சட்டம்

நட்சத்திர ஆமை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. 2019-ஆம் ஆண்டு முதல் இதன் பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்டுள்ளது. பாதுகாக்கப்பட்ட ஆமைகளை வீட்டில் வளர்ப்பதும், விற்பதும், இறைச்சிக்காகக் கொல்வதும் குற்றமாகும். இச்சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இத்தகைய விலங்கு ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். உதவி செய்பவர் உடனே தகவல் கொடுத்துவிடுவது அவருக்கும் பாதுகாப்பு.

குணமடைதல்

“ஆமை புகுந்த வீடு உருப்படாது” என்ற பழமொழிக்கு அஞ்சி, அடிபட்ட ஆமையைத் தொடாமல் செல்பவர்களும் உண்டு. அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தேவையே இல்லை. பெட்டியில் வைத்து ஒப்படைத்தால் போதும். மருத்துவர்கள் காயத்தைக் கழுவி, வலிநீக்கியும் கிருமிக்கொல்லி மருந்தும் கொடுத்து, உடைந்த துண்டுகளைக் கம்பி, திருகு முதலியவற்றால் இணைப்பர். ஓடு கூடப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆயினும் பிழைத்த ஆமை நெடுங்காலம் வாழும். பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டவே பல ஆண்டுகள் ஆவதால், சாலையில் காப்பாற்றப்படும் ஒரு வளர்ந்த பெண் ஆமை, அப்பகுதியின் அடுத்த தலைமுறை ஆமைகளுக்கும் ஆதாரமாகும்.