புதிய வளவில் பழைய புறாக்கள்

இடம் மாறும் குடும்பம் மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகலாம். ஆட்டை லாண்ட்மாஸ்டரில் ஏற்றலாம். கோழியைப் புதிய வளவில் சில நாட்கள் அடைத்து வைத்தால் பிறகு அங்கேயே கிளறித் திரியும். புறா அப்படியல்ல. இன்று கொண்டுவந்து நாளை திறந்துவிட்டால், கூரைக்கு மேலே இரண்டொரு வட்டம் சுற்றிவிட்டுப் பழைய வீட்டை நோக்கிப் போய்விடும். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடைத்தூரம் பயிற்சி பெற்ற புறாவுக்கு ஒன்றரை மணி நேரப் பறப்புக்கு மேல் இல்லை.

இதைச் சிறுவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஓடிப்போன புறாவைத் தேடிப் பிள்ளைகள் பழைய வளவுக்குப் போகிறார்கள். அங்கே வீடு இடிந்து, கிணறு தூர்ந்து, பற்றை மூடிக் கிடக்கலாம். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத நிலங்கள் உள்ளன. புறா முகட்டில் இருப்பதைக் கண்ட பிள்ளைக்கு வேலியில் தொங்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ணில் படாது. ஆகவே புறாவைப் புதிய இடத்தில் முறையாகப் பழக்குவது பிள்ளையின் காலையும் உயிரையும் காப்பாற்றும் வேலையாகவும் இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கோ, 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தவர்களுக்கோ வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கவில்லை. பின்னர் மீள்குடியேறியவர்களும், இன்னும் சொந்தக் காணி கிடைக்காமல் வேறிடத்தில் இருப்பவர்களும் சோடி சோடியாகப் புறா வாங்கி மறுபடி வளர்க்கிறார்கள். வாங்கிய புறாவும் இடம்பெயர்ந்த புறாதான். விற்றவருடைய கூடே அதற்கு வீடு.

எப்படி அது வழி கண்டுபிடிக்கிறது என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். சூரியன் நிற்கும் நிலையைக்கொண்டு பறவைகள் திசை அறிகின்றன என்பதை ஜேர்மனியரான குஸ்ராவ் கிறாமர் 1950களில் காட்டினார். அமெரிக்காவில் வில்லியம் கீற்றன் புறாக்களின் முதுகில் சிறு காந்தங்களைக் கட்டிப் பறக்கவிட்டார். வெயில் நாளில் அவை சரியாகப் போயின, முகில் மூடிய நாளில் தடுமாறின. இதை அவர் 1971இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு இத்தாலியில் புளோரியானோ பாப்பியும் அவருடைய தோழர்களும் மணம் அறியும் நரம்பு துண்டிக்கப்பட்ட புறாக்கள் பழக்கமில்லாத இடத்திலிருந்து வீடு திரும்ப முடியாமல் அலைவதைக் காட்டினர். கூட்டில் இருக்கும்போது எத்திசைக் காற்று என்ன மணத்தைக் கொண்டுவருகிறது என்பதைப் புறா படித்து வைத்திருக்கிறதாம். தெரிந்த ஊருக்குள் வந்ததும் வீதிகளையும் அடையாளங்களையும் பார்த்துப் பறக்கிறது.

இதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கூடு நாற்புறமும் பலகையால் அடைக்கப்பட்டிருந்தால் புறா புதிய இடத்தைப் படிக்க முடியாது. எத்தனை மாதம் அடைத்து வைத்தாலும் அது சிறைதான். கூட்டின் முகப்பில், முடிந்தால் கூரைமேல், கம்பி வலையால் ஒரு சிறு கூண்டு கட்டி, உள்ளிருந்து அதற்குள் வரப் பாதை விடுங்கள். வெயில், காற்று, பக்கத்துப் பனைகள், கிணற்றடி, கோவில் கோபுரம் எல்லாம் அதற்குத் தெரிய வேண்டும். வலை சிறிய கண்ணுள்ளதாக இருக்கட்டும். சாரையும் மரநாயும் வரும் வழிகளை முதலில் அடையுங்கள். ஓர் இரவு மரநாய் புகுந்த கூட்டில் புறா தங்க விரும்பாது.

பழைய கூட்டையே பெயர்த்து வந்தால் போதும் என்று சிலர் எண்ணுவர். பழகிய பெட்டிக்குள் பறவை அமைதியாக இருக்கும், உண்மைதான். வெளியே எழும்பியதும் அது தேடுவது பழைய இடத்தை.

எந்த வயதுப் புறா என்பதைப் பொறுத்தே வேலை இலகுவாகவோ கடினமாகவோ அமையும். தானாகத் தின்னத் தொடங்கிய, ஆனால் ஒருமுறையும் வெளியே பறக்காத குஞ்சுதான் மிகச் சிறந்தது. நான்கு முதல் ஆறு கிழமை வயது என்று கொள்ளலாம். அதன் மனதில் இன்னும் வீடு பதியவில்லை. இரண்டு மூன்று கிழமை வலைக் கூண்டிலிருந்து சுற்றுப்புறத்தைப் பார்த்தால் அதுவே அதன் ஊர். முதலாம் உலகப் போரில் குதிரை வண்டிகளிலும், மாற்றியமைத்த லண்டன் பஸ் வண்டிகளிலும் புறாக்கூடுகளை வைத்துப் போர்முனையோடு நகர்த்தினார்கள். இளம் பறவைகளைப் பழக்கியபடியால் அந்த வண்டியே அவற்றுக்கு வீடாயிற்று.

முற்றிய புறா என்றால் அவசரப்படக்கூடாது. சோடியாக வைத்து, ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை வரை அடைத்து, அங்கேயே கூடு கட்ட விடுங்கள். தும்பும் வைக்கோலும் கொஞ்சம் போட்டால் போதும். இரண்டு முட்டை இட்டு, ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்து ஒரு கிழமை ஆனபின் சோடியில் ஒன்றை மட்டும் வெளியே விடலாம். பகலின் நடுப்பகுதியில் சேவல் கூட்டில் இருக்கும், பின்னேரம் முதல் மறுநாட் காலை வரை பேடு இருக்கும். ஆகவே பின்னேரத்தில் சேவலை விடுவது பொருத்தம். பேடும் குஞ்சுகளும் உள்ளே இருக்கும்போது அதன் மனம் எளிதில் தூரம் போகாது. சில நாட்களின் பின், சேவல் கூட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் பேட்டை விடுங்கள்.

முதல் நாள் எப்படித் திறப்பது? பசியோடு திறக்க வேண்டும். ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் அளவு தானியம் தேவை. முதல் நாள் அதில் பாதி, திறக்கும் நாளில் ஒன்றுமில்லை. தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பொழுதுபட ஒரு மணி நேரத்துக்கு முன், காற்று அடங்கிய, வானம் தெளிந்த நாளில், கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். கலைக்க வேண்டாம், கை தட்ட வேண்டாம். தானாக நடந்து வந்து, கூரையில் இருந்து, அங்குமிங்கும் பார்க்கட்டும். இருட்டப் போகிறது என்பதால் தூரம் போக அதற்கு மனம் வராது. அடைத்து வைத்த நாட்களிலேயே, பயறும் சோளமும் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பால்மாப் பேணியில் கற்களைப் போட்டுக் குலுக்கிப் பழக்கியிருந்தால், அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே வரும். பேணி குலுக்குவது சின்ன விடயம்தான், ஆனால் மற்ற எல்லா உபாயங்களையும்விட நான் நம்புவது அதையே.

சிறகை வெட்டிவிடும் வழக்கம் உண்டு. வெட்டிய இறகு அடுத்த இறகுதிர் காலம் வரை வளராது. அதுவரை அந்தப் பறவை பூனைக்கும் நாய்க்கும் இலகுவான இரை. ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் நூலால் தளர்வாகக் கட்டி, நாள்தோறும் பார்த்து அவிழ்ப்பது அதைவிட நல்லது. கூண்டு ஒழுங்காக இருந்தால் அதுவும் தேவைப்படாது.

புதிதாக வாங்கிய புறாக்களை இரண்டு மூன்று கிழமை கோழிகளிடமிருந்து விலக்கி வையுங்கள். ராணிக்கெட் இனத்து நோய்கள் புறாக்களிடமிருந்து கோழிகளுக்குப் பரவக்கூடும். கூட்டைத் துப்புரவு செய்யும்போது எச்சத்தை நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கெடுதி. எச்சத்தைக் குப்பையோடு மக்கவைத்துப் போட்டால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் நல்ல பசளை. பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

எவ்வளவு செய்தும் சில முதிர்ந்த புறாக்கள் பழகுவதில்லை. இரண்டு தடவை ஓடிய புறாவை மூன்றாவது தடவை திறந்துவிடுவது வீண். அதைக் கூண்டிலேயே வைத்துக் குஞ்சு எடுங்கள். குஞ்சுகளைப் பறக்க விடுங்கள்.

ஓடிப்போனது பழைய வளவில் இருப்பதாகத் தெரிந்தால் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டபின் பெரியவர் ஒருவர் போகட்டும். அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறதென்றால் முதலில் அவர்களோடு பேசி, இருட்டியபின் ரோர்ச் வெளிச்சத்தில் பிடிப்பது இலகு. கண்மூடி இருக்கும் பறவை அசையாது. காற்றுப் போகும் கடகத்தில் வைத்துச் சாக்கால் மூடிக் கொண்டுவந்து, அன்றிரவே தண்ணீர் காட்டுங்கள்.